இத்தாலியனுக்கு ஒரு பொது வடிவம் வந்தது எப்படி: பெம்போ, மன்சோனி, அஸ்கோலி, அப்புறம் டிவி

1861ல இத்தாலின்னு ஒரு ராஜ்யத்தை அறிவிச்சப்ப, அந்த நாட்டு ஜனங்கள்ல எத்தனை பேருக்கு இத்தாலியன் பேசத் தெரியும்ங்கிற கேள்விக்கு ரெண்டு பிரபலமான பதில் இருக்கு. மொழியியலாளர் டுல்லியோ டி மாவ்ரோ 1963ல போட்ட கணக்குப்படி நூத்துக்கு ரெண்டரை பேர். இன்னொரு மொழியியலாளர் அர்ரிகோ காஸ்டெல்லானி 1982ல அதை மறுத்தாரு, ஃப்ளாரன்ஸ் இருக்கிற டஸ்கனிப் பகுதிக்காரங்க பேசுறதும் ரோம் பக்கம் பேசுறதும் அந்த மொழிக்கு அவ்வளவு கிட்ட இருக்கே, அவங்களை எப்படி விட முடியும்னு கேட்டு கணக்கை ஏறக்குறைய 10 வரைக்கும் ஏத்தினாரு. எந்தக் கணக்கை எடுத்தாலும் பத்துல ஒன்பது பேருக்கு அது வீட்டுல பேசாத மொழி. புது நாட்டோட முதல் ராஜா இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே கூட பழக்கமா பேசினது பிரெஞ்சும் பியட்மாண்ட் மொழியும்தான்.

ஆனா அதே மொழிக்கு அப்பவே 300 வருஷத்துக்கு மேல பழசான இலக்கணம் இருக்கு, 250 வருஷம் பழசான அகராதி இருக்கு, 500 வருஷ இலக்கியம் இருக்கு. எழுத்துல கெட்டியா நிக்குற ஒரு மொழி, பேச்சுல கிட்டத்தட்ட ஆளே இல்லாம இருக்கு. இந்த முரண்பாடு எப்படி வந்துச்சு, அப்புறம் எப்படித் தீர்ந்துச்சுங்கிறதைத்தான் இங்க ஒரு கேஸா எடுத்துப் பார்க்கிறேன். பிரான்ஸ்ல ராஜாவும் பாரிஸும் சேர்ந்து மொழியை நிலைநிறுத்தினாங்க, ஆனா இத்தாலியில 1861 வரைக்கும் அப்படி ஒரு ராஜாவோ தலைநகரோ கிடையாது, அதனால அங்க மொழியைத் தீர்மானிச்சவங்க எழுத்தாளர்களும் அச்சகத்துல புரூஃப் திருத்தினவங்களும்தான். அந்த மொழி இவ்வளவு உறுதியா நின்னதுக்கும் அதுதான் காரணம், அவ்வளவு காலம் ஜனங்க வாய்க்கு வராம போனதுக்கும் அதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

ஃப்ளாரன்ஸுக்கு முன்னாடி

ஒண்ணை முதல்லயே சொல்லிடணும், இது பிடிபடலைன்னா மீதி எதுவும் பிடிபடாது. நேப்பிள்ஸ் பேச்சு, சிசிலி பேச்சு, வெனிஸ் பேச்சு, மிலான் பேச்சு இதெல்லாம் இத்தாலியன் சிதைஞ்சு வந்த கொச்சை கிடையாது. ஒவ்வொண்ணும் லத்தீன்ல இருந்து தனித்தனியா வளர்ந்து வந்தது, ஃப்ளாரன்ஸ் பேச்சு எப்படி வந்துச்சோ அப்படியே. வட்டார வழக்குன்னு இன்னைக்கு சொல்றோம்னா அது இவற்றுல ஒண்ணு மட்டும் நாட்டு மொழியா ஆயிட்டதால மத்ததுக்கு ஒட்டின பேரு.

பேச்சுமொழி அதிகாரபூர்வமான தாள்ல ஏறின முதல் சம்பவம்னு எல்லாரும் சொல்றது 960ல காபுவா ஊர்ல நடந்த ஒரு நில வழக்கு. மான்டே காஸினோ மடத்துக்கும் ரோடெல்க்ரிமோங்கிற நிலச்சுவான்தாருக்கும் தகராறு, நீதிபதி அரெகீசி. தீர்ப்பு முழுக்க லத்தீன்ல இருக்கு, ஆனா சாட்சிங்க சொன்ன வாக்கியத்தை மட்டும் அவங்க வாயில வந்தபடியே எழுதி வச்சிருக்காங்க: "சாவோ கோ கெல்லெ தெர்ரே..."ன்னு ஆரம்பிக்குது, இந்த எல்லைக்குள்ள இருக்கிற நிலத்தை 30 வருஷமா புனித பெனடிக்ட் தரப்புதான் அனுபவிச்சுட்டு வருதுன்னு எனக்குத் தெரியும்னு அர்த்தம். அது தெற்கு இத்தாலிப் பேச்சு. அப்புறம் 13ஆம் நூற்றாண்டுல கவிதைன்னு எழுந்து நின்னதும் ஃப்ளாரன்ஸ்ல இல்ல, சிசிலியில, இரண்டாம் ஃப்ரெடெரிக் அரசவையில. சானெட்ங்கிற 14 வரிக் கவிதை வடிவத்தைக் கண்டுபிடிச்சவர்னு சொல்லப்படுற ஜாக்கொமோ டா லென்தீனி அந்த அரசவையில இருந்த ஆள்தான்.

ஃப்ளாரன்ஸ் வந்தது அதுக்கப்புறம். பேங்க், கம்பளி வியாபாரம், கணக்கு எழுதத் தெரிஞ்ச வியாபாரிங்கன்னு பணமும் எழுத்தும் சேர்ந்து இருந்த ஊர், பேச்சும் லத்தீனை விட்டு ரொம்ப விலகாதது, அதோட ஒரே நூற்றாண்டுல தாந்தே, பெட்ரார்க், பொக்காச்சோ மூணு பேர். தாந்தே தன்னோட லத்தீன் நூல்ல இத்தாலியப் பேச்சு வகைங்களை 14ஆ பிரிச்சு ஒவ்வொண்ணா தள்ளுபடி பண்றாரு, சொந்த டஸ்கனிப் பேச்சையும் விட்டு வைக்கலை, அப்புறம் 'கொமேதியா'வை எழுத உக்கார்ந்தப்ப அடித்தளமா எடுத்தது அந்த ஃப்ளாரன்ஸ் பேச்சைத்தான். இன்னைக்கு இத்தாலியன்ல ரொம்ப அடிப்படையா புழங்குற சொற்கள்ல 90 சதவீதம் 14ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ளயே வந்து சேர்ந்துடுச்சுன்னு டி மாவ்ரோ கணக்கு சொல்றாரு. 700 வருஷம் பழைய தாந்தேயை இன்னைக்குப் பள்ளிக்கூடப் பசங்க அடிக்குறிப்போட நேரா மூலத்துலயே படிக்கிறாங்க.

1525: வெனிஸ்காரர் எடுத்த முடிவு

இங்கதான் கதையோட முதல் முடிச்சு. 16ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல எந்த இத்தாலியன்ல எழுதணும்னு பெரிய சண்டை, இதுக்கு 'மொழிக் கேள்வி'ன்னே பேரு. ஒரு கூட்டம் அரசவைங்கள்ல படிச்சவங்க பேசுற கலவையான மொழிதான் வேணும்னாங்க, எழுத்தாளர் காஸ்டிலியோனே அந்தப் பக்கம் சாய்ஞ்சவரு. மாக்கியவெல்லி மாதிரி ஃப்ளாரன்ஸ்காரங்க, எங்க ஊர்ல இன்னைக்கு உயிரோட பேசுறதுதான் மொழின்னாங்க. மூணாவதா வந்தவர் பியெத்ரோ பெம்போ, 1470ல வெனிஸ்ல பொறந்தவரு, பின்னாடி கார்டினல் ஆனவரு. அவர் சொன்னது இன்னைக்குக் கேட்டாலும் துணிச்சலா இருக்கும். உயிரோட இருக்கிற எவன் பேச்சும் வேணாம், 150 வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன ரெண்டு பேரோட மொழியை எடுத்துக்குவோம், கவிதைக்குப் பெட்ரார்க், உரைநடைக்குப் பொக்காச்சோ. தாந்தேயை அவர் முழுசா ஏத்துக்கலை, கரடுமுரடான சொல்லு, கீழ்த்தரமான சொல்லு எல்லாத்தையும் உள்ள விட்டுட்டாருன்னு குறை சொன்னாரு.

1525ல வெனிஸ்ல வந்த அவரோட 'ப்ரோஸே டெல்லா வோல்கர் லிங்குவா' ஒரு உரையாடல் வடிவத்துல இருக்கும். இந்தக் காலத்துல ஃப்ளாரன்ஸ்ல பொறந்திருக்கிறது நல்லா எழுதுறதுக்குப் பெரிய சாதகம் இல்லைன்னு அதுல சொல்ற இடம் இருக்கு, ஏன்னா ஃப்ளாரன்ஸ்காரன் தெருவுல கேக்குறதை அப்படியே எழுதிடுவான், வெளியூர்க்காரன் புத்தகத்தைப் பார்த்துத்தான் கத்துக்கணும், அதனால சுத்தமா கத்துக்குவான். யோசிச்சுப் பார்த்தா இதுல எல்லா ஊர்க்காரனுக்கும் ஒரு சமத்துவம் இருக்கு. மொழி யார் வாயிலயும் இல்ல, புத்தகத்துல இருக்கு, அப்ப நேப்பிள்ஸ்காரனும் வெனிஸ்காரனும் ஃப்ளாரன்ஸ்காரனும் ஒரே தூரத்துல இருந்துதான் வரணும். சொல்லித்தர ஆளே தேவையில்லை, புத்தகம் வாங்க காசும் படிக்க நேரமும் இருந்தா போதும். ஆனா அந்தக் காசும் நேரமும் இருந்தவங்க எத்தனை பேர்ங்கிறதுதான் பின்னாடி வந்த வினை.

பெம்போ ஜெயிச்சது வாதத்தால மட்டும் இல்லை, அச்சால. ஆல்டோ மனூத்ஸியோவோட வெனிஸ் அச்சகத்துல 1501ல பெட்ரார்க், 1502ல தாந்தே, ரெண்டுமே பெம்போ பதிப்பிச்சது, கையில பிடிச்சுப் படிக்கிற சின்ன அளவுப் புத்தகம், சாய்வெழுத்து. இன்னைக்கு இத்தாலியன்ல எங்க பார்த்தாலும் தொங்குற அந்த அபாஸ்ட்ரஃபி குறி, அதாவது ரெண்டு சொல் சேரும்போது விழுந்த உயிரெழுத்துக்குப் பதிலா போடுறது, இத்தாலிய அச்சுல ஏறினது அந்த 1501 பெட்ரார்க்லதான். வெனிஸ் அச்சகங்கள்ல வேலை பார்த்த திருத்துநர்கள் கையில வந்த எல்லாத்தையும் இந்த விதிப்படி சரிபண்ண ஆரம்பிச்சாங்க. எழுத்தாளர்களும் மாறினாங்க. ஃபெர்ராராக்காரர் அரியோஸ்தோ 1516ல வெளியிட்ட தன்னோட காவியத்தை 1521ல ஒரு தடவை, 1532ல இன்னொரு தடவை திருத்தினாரு, கடைசித் திருத்தம் பெரும்பாலும் பெம்போ வழியில. இங்கிலீஷ் 'the' மாதிரி வர்ற வட்டாரத்து 'எல்' எல்லாம் 'இல்' ஆச்சு. எந்த அரசாணையும் போகாத ஊருக்கெல்லாம் இந்த விதி போய்ச் சேர்ந்துச்சு.

எடுபடாமப் போன யோசனையும் உண்டு. விச்சென்சாக்காரர் ட்ரிஸ்ஸினோ 1524ல, வாயைத் திறந்து சொல்ற எ, ஒவையும் ஒடுக்கிச் சொல்ற எ, ஒவையும் பிரிச்சுக் காட்ட கிரேக்க எழுத்துங்களைச் சேர்க்கணும்னாரு, யாரும் கேக்கலை, இன்னைக்கு வரைக்கும் அந்த வித்தியாசம் இத்தாலிய எழுத்துல பொதுவா வர்றதில்லை. அதே வட இத்தாலியில காஸ்டிலியோனே டெல்லே ஸ்டிவியெரேல 1680ல பொறந்த பெஸ்கிதான் நம்ம வீரமாமுனிவர், தமிழ்ல எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் எழுத்துல பிரிச்சவர்னு நாம படிச்ச அதே ஆள். அது குறில் நெடில் விஷயம், இது வேற, ஆனா ட்ரிஸ்ஸினோவைப் படிக்கும்போது அவர் ஞாபகம் வராம இருக்காது.

அப்புறம் க்ருஸ்கா. 1583ல ஃப்ளாரன்ஸ்ல ஆரம்பிச்ச அகாடமி, மாவுல இருந்து தவிட்டைச் சலிச்சு எடுக்கிற கருவிதான் சின்னம். 1612ல முதல் அகராதி, அதுவும் வெனிஸ்லதான் அச்சாச்சு. ஐரோப்பாவுல ஒரு வாழும் மொழிக்கு இந்த மாதிரி பெரிய அகராதி முன்னாடி கிடையாது, பிரெஞ்சு அகாடமி அகராதி 1694லதான் வருது. ஆனா சொற்களோட சாட்சி பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸ் எழுத்து, செத்து 17 வருஷமான பெரிய கவிஞர் தாஸ்ஸோவுக்குக் கூட முதல் பதிப்புல இடம் இல்லை, அதே 1612லயே பாவோலோ பேனி 'ஆன்டிக்ருஸ்கா'ன்னு எதிர்ப்பு நூல் போட்டுட்டாரு. 1764ல மிலான்ல அலெஸ்ஸாண்ட்ரோ வெர்ரி 'இல் காஃப்பே' பத்திரிகையில, நோட்டரி முன்னாடி க்ருஸ்கா அகராதியைத் துறக்கிறோம்னு பத்திரம் மாதிரியே எழுதினாரு. அறிவியல், வியாபாரம், சட்டம் எல்லாம் பேச வேண்டிய தலைமுறைக்கு 400 வருஷம் பழைய கதைசொல்லியோட சொற்களை மட்டும் வச்சுக்கோன்னா எப்படி? அவங்க கோபம் நியாயமானது.

மன்சோனி, அப்புறம் அஸ்கோலி

அலெஸ்ஸாண்ட்ரோ மன்சோனி 1785ல மிலான்ல பொறந்தவரு. வாய்க்கு மிலான் பேச்சு, படிச்சவங்க கூட்டத்துல பிரெஞ்சு, எழுதறதுக்கு மட்டும் இத்தாலியன். ஒரு இடத்துல அவர் காட்டுற உதாரணம் இது: மிலான்காரங்க அஞ்சாறு பேர் ஒரு வீட்டுல உக்கார்ந்து மிலான் பேச்சுல பேசிட்டு இருக்காங்க, ஒரு பியட்மாண்ட்காரரோ வெனிஸ்காரரோ உள்ள வர்றாரு, மரியாதைக்காக எல்லாரும் இத்தாலியனுக்கு மாறுறாங்க. உடனே பேச்சு தடுமாறுது, முன்னாடி டக்குனு பேர் சொன்ன பொருளுக்கெல்லாம் இப்ப சுத்தி வளைச்சு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கு. காதலைப் பத்தியும் சொர்க்கத்தைப் பத்தியும் எழுத அந்த மொழியில எல்லாமே இருந்துச்சு, அடுப்படிச் சாமானுக்கும் பட்டறைக் கருவிக்கும் நாடு முழுக்க ஒத்துக்கிட்ட ஒரு பேர் இல்லை.

அவரோட நாவல் 'இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி' முதல்ல 1827ல வந்துச்சு, அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதின மொழி. அது வந்த கையோட குடும்பத்தைக் கூட்டிட்டு ஃப்ளாரன்ஸ் போனாரு, அங்க படிச்சவங்க பேசுறதைக் கேட்டதும் இதுதான்யா மொழின்னு முடிவுக்கு வந்துட்டாரு. துணியை ஃப்ளாரன்ஸ் வழியா ஓடுற ஆர்னோ ஆத்துல அலசுறதுன்னு அவர் சொன்னது இன்னைக்கும் இத்தாலியில எல்லாருக்கும் தெரியும். அப்புறம் வருஷக்கணக்கா உக்கார்ந்து முழு நாவலையும் திருத்தி 1840ல இருந்து 1842 வரைக்கும் பகுதி பகுதியா திரும்ப வெளியிட்டாரு. ஏற்கெனவே வித்து ஓடின ஒரு நாவலை, கதையை மாத்தாம மொழியை மட்டும் வரிக்கு வரி மாத்துறதுன்னா சும்மாவா! 'அவன்'ங்கிறதுக்கு எழுத்துல மட்டும் இருந்த 'எல்லி'யைப் பல இடத்துல எடுத்துட்டு 'லுயி' போட்டாரு, 'நான் வச்சிருந்தேன்'ங்கிறதுக்கு 'இயோ அவேவா'ன்னு எழுதிட்டிருந்ததை ஜனங்க பேசுற 'இயோ அவேவோ' ஆக்கினாரு, ஒரே பொருளுக்கு ரெண்டு மூணு சொல் வந்த இடத்துல ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததைத் தள்ளினாரு.

இந்த வேலையில அவருக்குத் துணை எமிலியா லூத்தி, மிலானுக்கு வந்து குழந்தைங்களைப் பார்த்துக்கிட்ட ஒரு ஃப்ளாரன்ஸ்காரப் பொண்ணு. உங்க ஊர்ல இதை எப்படிச் சொல்லுவீங்கன்னு அவர்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் பல சொற்களை முடிவு பண்ணாரு. புத்தகம் வந்ததும் அவருக்கு ஒரு பிரதி கொடுத்து, நீங்க ஆர்னோவுல அலசின இந்தக் கந்தல் துணியை ஏத்துக்கோங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு மன்சோனி. அகாடமிக்காரங்க பேர் இருக்கிற பட்டியல்ல எல்லாம் இந்தப் பொண்ணு பேரும் இருக்கணும்னு எனக்கு ரொம்பத் தோணும்.

நாவலோட நின்னிருந்தா சண்டை வந்திருக்காது. நாடு ஒண்ணானதும் கல்வி அமைச்சர் எமிலியோ ப்ரோலியோ மன்சோனி தலைமையில ஒரு குழு போட்டாரு, 1868ல மன்சோனி அறிக்கை கொடுத்தாரு: இன்னைக்கு ஃப்ளாரன்ஸ்ல படிச்சவங்க பேசுறதை அகராதியாக்கணும், பள்ளிக்கூடங்களுக்கு டஸ்கனி வாத்தியார்களை அனுப்பணும், வாத்தியாரா வரப்போறவங்க ஃப்ளாரன்ஸ்ல கொஞ்ச காலம் இருக்கணும். அந்த அகராதி 1870ல வர ஆரம்பிச்சு 1897லதான் முடிஞ்சுச்சு. தலைப்புலயே புதுசுங்கிறதுக்கு 'நோவோ'ன்னு இருந்துச்சு, ஏன்னா ஃப்ளாரன்ஸ்ல அப்போ அப்படித்தான் சொன்னாங்க. மீதி இத்தாலி எழுதிட்டிருந்தது 'நுவோவோ'.

இதைப் பிடிச்சுக்கிட்டவர் கிராஸியாதியோ இசையா அஸ்கோலி. ஆஸ்திரியா கையில இருந்த கோரித்ஸியாவுல 1829ல பொறந்த யூதர், மொழியியலைத் தானா கத்துக்கிட்டு மிலான்ல பேராசிரியர் ஆனவரு. 1873ல தன்னோட ஆய்விதழ்ல முன்னுரையா எழுதின கட்டுரையில, பாரிஸ் மாதிரி ஒரு ஊரு பிரான்ஸ் முழுக்க மொழியைக் கொடுத்துச்சுன்னா அங்க அறிவும் அதிகாரமும் எல்லாம் அந்த ஊர்லயே குவிஞ்சிருந்துச்சு, ஃப்ளாரன்ஸ் பாரிஸ் இல்லைன்னாரு. ஜெர்மனியைப் பாருங்க, தலைநகர் இல்லாமலே லூதர்ல இருந்து அவ்வளவு பேர் படிச்சு, எழுதி, ஒருத்தரோட ஒருத்தர் வேலை பார்த்து ஒரு மொழி திரண்டு வந்துச்சு, நம்மகிட்ட குறையறது அகராதி இல்ல, கல்வி கொஞ்சப் பேர்கிட்டயே அடைஞ்சு கிடக்கு, அதோட அலங்கார எழுத்து மேல அளவு மீறின ஆசைன்னாரு. தையல்காரங்க விரல்ல மாட்டுற கவசத்தைக் கூட உதாரணமா எடுத்தாரு, நாடு முழுக்க 'திதாலே'ன்னு புரியுற பொருளை ஃப்ளாரன்ஸ் சொல்றாப்ல 'அனெல்லோ'ன்னு மாத்தணுமா?

யார் சரி? எனக்கு அஸ்கோலிதான். இன்னைக்கு இத்தாலியன்ல 'நுவோவோ'வும் 'திதாலே'வும்தான் இருக்கு. ஃப்ளாரன்ஸ்காரங்க 'லா காஸா'வை 'லா ஹாஸா'ன்னு மூச்சா சொல்ற பழக்கம் பொது மொழிக்குள்ள வரவே இல்லை. ஆனா மன்சோனியைத் தோத்தவர்னு தள்ளிடவும் முடியாது. அவர் திட்டம் தோத்துச்சு, அவர் நாவல் பள்ளிப் பாடமா ஆகி, பேசுறதுக்குக் கிட்ட இருக்கிற உரைநடை எப்படி இருக்கணும்னு தலைமுறை தலைமுறையா காட்டிக் கொடுத்துச்சு.

வாய்க்கு வந்த வழி

1861ல நாலுல மூணு பேருக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாது. 1877ல கொப்பினோ சட்டம் 6ல இருந்து 9 வயசு வரைக்கும் பள்ளிக்கூடம் கட்டாயம்னுச்சு, ஆனா பல கிராமத்துல வாத்தியாரே வட்டாரப் பேச்சுலதான் பாடம் நடத்தினாரு. ராணுவம் ஒரு ஊர்ப் பையனை இன்னொரு ஊர்ப் பையனோட சேர்த்து நிறுத்துச்சு. கடல் தாண்டிப் போனவங்களும் முதல் உலகப்போர்ல அகழிக்குள்ள கிடந்தவங்களும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்துச்சு, தெரிஞ்ச அரைகுறை இத்தாலியன்ல லட்சக்கணக்கான பேர் எழுதினாங்க, இத்தாலியப் போர்க் கைதிகளோட கடிதங்களைத் தணிக்கை பண்ண உக்கார்ந்த மொழியியலாளர் லியோ ஸ்பிட்ஸர் அதையே பின்னாடி ஆய்வு நூலாக்கினாரு. ஃபாசிஸ்ட் ஆட்சி வெளிநாட்டுச் சொற்களை விரட்டுச்சு, 1938ல மரியாதையா கூப்பிடுற 'லேயி'யைத் தடை பண்ணி 'வோயி' சொல்லச் சொல்லுச்சு, அந்த ஆட்சி விழுந்ததும் 'லேயி' திரும்பி வந்துடுச்சு.

உண்மையான திருப்பம் 1950கள்ல. தெற்குல இருந்து கும்பல் கும்பலா ஜனங்க டூரினுக்கும் மிலானுக்கும் ஃபேக்டரி வேலைக்குப் போனாங்க. கலாப்ரியாக்காரருக்கும் பியட்மாண்ட்காரருக்கும் ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குச் சுத்தமா புரியாது, அப்ப நடுவுல ஏதோ ஒரு இத்தாலியன் வந்தே ஆகணும். அதே நேரத்துல 1954 ஜனவரி 3ஆம் தேதி ராய்ங்கிற அரசு நிறுவனத்தோட டிவி ஒளிபரப்பு ஆரம்பிக்குது. வீட்டுல டிவி இல்லாதவங்க பார்லயும் பக்கத்து வீட்லயும் கூடி 'லாஷா ஓ ரத்தொப்பியா' வினாடி வினா பார்த்தாங்க. எழுத்துத் தெரியாத கிழவியும் அந்த மொழியை முதல் தடவையா தினமும் காதால கேட்டா. பெம்போ காலத்துல இருந்து புத்தகம் வழியா மட்டும் போக முடிஞ்ச இடத்துக்கு, இப்ப எழுத்தே தெரியாதவங்களும் போக முடிஞ்சுச்சு.

1960ல இருந்து 1968 வரைக்கும் ஆல்பெர்த்தோ மான்த்ஸிங்கிற பள்ளி வாத்தியார், ஒரு பெரிய காகிதப் பலகையில கரிக்கோல் வச்சுப் படம் போட்டு, பெரியவங்களுக்கு டிவியில எழுதப் படிக்கக் கத்துக்கொடுத்தாரு, நிகழ்ச்சியோட பேரே காலம் கடந்து போயிடலைங்கிற அர்த்தத்துலதான். அதைப் பார்த்துப் படிச்சு தொடக்கக் கல்விச் சான்றிதழ் வாங்கினவங்க பத்து லட்சத்துக்கு மேலன்னு சொல்றாங்க. 1962ல நடுநிலைப் பள்ளி எல்லாப் பசங்களுக்கும் ஒண்ணாச்சு. 1964ல எழுத்தாளரும் சினிமா இயக்குநருமான பாசோலினி, இப்பதான் இத்தாலியன் தேசிய மொழியா பொறக்குதுன்னும், அதோட மையம் ஃப்ளாரன்ஸ்ல இல்லாம வடக்குத் தொழில் நகரங்கள்ல இருக்குன்னும் எழுதினாரு, பெரிய சர்ச்சை ஆச்சு. அவர் சொன்ன தொனி இருட்டா இருந்தாலும் திசையைச் சரியாத்தான் பிடிச்சாரு. அஸ்கோலி எதிர்பார்த்த மாதிரி மொழி நாடு முழுக்கக் கலந்து திரண்டுச்சு, ஆனா அறிஞர்கள் கூட்டத்தால இல்ல, அசெம்ப்ளி லைனும் டிவி பெட்டியும் அதைச் செஞ்சுச்சு.

இதுல இழந்தவங்களும் இருக்காங்க. டான் மிலானிங்கிற பாதிரியார் நடத்தின பார்பியானா பள்ளிப் பசங்க 1967ல ஒரு டீச்சருக்குக் கடிதமா எழுதின புத்தகத்துல, பணக்கார வீட்டு மொழி பேசத் தெரியலைன்னு ஏழை வீட்டுப் பசங்களை ஃபெயிலாக்குறீங்கன்னு நேராவே குற்றம் சாட்டினாங்க. ஃப்ளாரன்ஸ்ல இருந்து ரொம்ப தூரமில்லாத மலைக் கிராமத்துப் பசங்களுக்கே அந்த நிலைமைன்னா கலாப்ரியாப் பையனை நினைச்சுப் பாருங்க.

இத்தாலியோட புள்ளிவிவர நிறுவனம் இஸ்தாத் 2015ல எடுத்த கணக்குல, வீட்டுல பெரும்பாலும் இத்தாலியன் மட்டும் பேசுறவங்க 45.9 சதவீதம், இத்தாலியனும் வட்டார மொழியும் கலந்து பேசுறவங்க 32.2, பெரும்பாலும் வட்டார மொழியே பேசுறவங்க 14. ரெண்டையும் வச்சுக்கிட்டு வாழுற அந்த 32 சதவீதம் எனக்கு நம்பிக்கை தர்ற எண்ணிக்கை. ஆனா 1999ல வந்த 482ஆம் எண் சட்டம் 12 சிறுபான்மை மொழிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தப்ப ஃப்ரியூலியனும் சர்தீனியனும் அதுல இடம் பிடிச்சுச்சு. கவிதையை முதல்ல ஆரம்பிச்சு வச்ச சிசிலி மொழி அந்தப் பட்டியல்ல இல்லை, பெம்போ பொறந்த ஊரோட வெனிஸ் மொழியும் இல்லை, நேப்பிள்ஸ் மொழியும் இல்லை.